ஏர் கூல்டு 911: வெப்பப் பரிமாற்றியை மாற்றும் முன் அறிகுறிகளைப் பாருங்கள்

காற்றால் குளிரும் போர்ஷே 911 காரில் ரேடியேட்டரும் இல்லை, அதில் ஓடும் சுடுநீரும் இல்லை. ஆகவே உள்ளறைக்கு வேண்டிய வெப்பத்தைப் புகைக்குழாயிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காக இடப்பக்கத்தில் 1 முதல் 3 வரையிலான சிலிண்டர்களுக்கு ஒன்றும், வலப்பக்கத்தில் 4 முதல் 6 வரையிலான சிலிண்டர்களுக்கு ஒன்றுமாக இரண்டு வெப்பப் பரிமாற்றிகள் இன்ஜினுக்கு அடியில் பொருத்தப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் மூன்று புகைக்குழாய்கள் ஒரு தகட்டு உறைக்குள் ஓடுகின்றன. இன்ஜினைக் குளிர்விக்கும் விசிறியின் காற்றில் ஒரு பங்கு, ஹோஸ் வழியாக அந்த உறைக்குள் நுழைந்து, குழாய்களை உரசிச் சூடேறி, காற்றின் பாதையை மாற்றும் கதவுள்ள ஃபிளாப்பர் பெட்டிக்கு வந்து சேர்கிறது. ஹீட்டரைத் திறந்தால் அந்தக் காற்று கதவுகளுக்குக் கீழே உள்ள பெட்டிப் பாதை வழியாக உள்ளறைக்கும் முன்கண்ணாடிக்கும் போகும். மூடினால் வண்டிக்கு அடியில் வெளியேறிவிடும்.

புதுச்சேரியிலோ கடலூரிலோ வண்டி வைத்திருப்பவர் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் இந்த ஹீட்டரைத் தொடவே மாட்டார். அதனாலேயே இந்த உறுப்பை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் ஹீட்டர் தேவைப்படாத ஊரிலும் ஆறு சிலிண்டர்களின் புகையும் இதன் வழியாகத்தான் போகிறது; உள்ளே ஓட்டை விழுந்தால் அந்தப் புகை நாம் மூச்சு விடும் காற்றோடு கலக்கிறது. இறக்குமதி வரியும் கப்பல் செலவும் சேர்ந்து விலை ஏறி வரும் பொருள் என்பதால், வாங்கும் முடிவைப் பட்டியலைப் பார்த்து எடுக்காமல், வண்டி காட்டும் அறிகுறியைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பரிமாற்றி போய்விட்டது என்று சொல்லப்படும் பல புகார்கள் கேஸ்கெட்டிலோ, ஆயில் கசிவிலோ, துருவேறிய ஒரு கேபிளிலோ முடிந்துவிடுகின்றன.

ஓட்டும்போது தலை கனக்கிறது, குமட்டுகிறது, புகை மணம் லேசாக வருகிறது

இந்த அறிகுறி தெரிந்தால் மற்ற எதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வண்டியை ஓரங்கட்டி, கதவுகளைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. புகை மணம் வராததால் ஆபத்து இல்லை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஹீட்டரை மூடி வைத்திருப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது, ஏனெனில் பழைய ஃபிளாப்பர் பெட்டியின் கதவு என்றுமே இறுக மூடுவதில்லை. மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி உள்ளறையில் வைத்துக்கொள்வது, இந்த வண்டியை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய முதல் செலவு.

அடுத்து, கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். வெளியே இருக்கும் கேஸ்கெட்டில் கசிந்தாலும் உறைக்குள் குழாய் அரித்திருந்தாலும் புகை உள்ளறைக்கு வந்துவிடும். ஏனெனில் விசிறி இன்ஜின் அறையின் காற்றைத்தான் இழுக்கிறது. இரண்டையும் பிரித்தறியப் பரிமாற்றியைக் கழற்றி மேசைமேல் வைத்துச் சோதிப்பதே நம்பகமான வழி. சிலிண்டர் ஹெட்டோடு இணையும் தட்டையான விளிம்புகளான மூன்று ஃபிளேஞ்சுகளையும் ரப்பர் ஷீட் வைத்துத் தகட்டால் இறுக்கி மூடுங்கள். சைலன்சர் இணையும் முனையில் ஒரு ரப்பர் அடைப்பைப் பொருத்தி, அதன் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்துங்கள். வாக்குவம் கிளீனரின் வெளிக்காற்றே போதும், கம்பிரசரின் முழு அழுத்தம் தேவையில்லை. உறையின் காற்று வாய்கள் இரண்டில் ஒன்றைப் பிளாஸ்டிக் தாளால் அடைத்துவிட்டு, மற்றொன்றின் விளிம்பில் கெட்டியான சோப்பு நீரை விரலால் தடவிப் படலமாக இழுத்துவிடுங்கள். படலம் அசையாமல் நின்றால் உள்குழாய் நன்றாக இருக்கிறது. அது மெல்ல மெல்ல வெளிப்பக்கம் உப்பினால், புகைக்குழாய்க்குள் செலுத்திய காற்று உறைக்குள் வருகிறது என்று பொருள். அந்தப் பரிமாற்றியை மீண்டும் வண்டியில் ஏற்றாதீர்கள்.

உறையை வெட்டித் திறந்து, அரித்த இடத்தில் ஆர்கான் வெல்டிங் வைத்து, மறுபடி மூடித் தருவதாகச் சில பட்டறைகளில் சொல்வார்கள். சாதா இரும்புக் குழாய் ஓரிடத்தில் ஓட்டை விழும் அளவுக்கு அரித்திருந்தால், அதைச் சுற்றியுள்ள சுவரும் தாள் போல் மெலிந்திருக்கும். இன்று அடைத்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே நாளை இன்னொன்று விழும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தச் சிக்கனத்தை நான் ஏற்கமாட்டேன்.

எரிந்த எண்ணெய் மணம், அடியில் வெண்புகை

இது பெரும்பாலும் பரிமாற்றியின் குற்றம் அன்று. அதன்மேல் சொட்டும் ஆயிலின் குற்றம். கேம்ஷாஃப்ட் அறையிலிருந்து கிராங்க்கேஸுக்கு ஆயில் திரும்பி வரும் குழாய்கள் பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு உள்ளன, அவை சரியாகப் பரிமாற்றிகளுக்கு மேலே ஓடுகின்றன. அவற்றின் இரு முனைகளிலும் உள்ள ஓ-ரிங்குகள் வெப்பத்தில் இறுகிக் கல்லாகிவிட்டால் ஆயில் கசிந்து சூடான உறைமேல் விழும். கீழ் வால்வு கவரின் கேஸ்கெட்டும் இதே வேலையைச் செய்யும். அடிப்பகுதியை நன்றாகத் துடைத்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டு, ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

பழைய திரும்புகுழாயை இன்ஜினைப் பிரிக்காமல் மாற்ற முடியாது என்பதால், உள்ளொடுங்கி நீளும் வகைக் குழாய்கள் கிடைக்கின்றன. பரிமாற்றியை எப்படியும் கழற்றப் போகிறீர்கள் என்றால் அதே வேலையோடு நான்கையும் மாற்றிவிடுங்கள். புதிய பரிமாற்றியைப் பொருத்திவிட்டு அதன்மேல் பழைய ஓ-ரிங் சொட்டுவதைப் பார்ப்பது பொறுக்க முடியாத வேதனை.

ஹீட்டரை மூடியும் உள்ளறை கொதிக்கிறது

சித்திரை வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டும்போது பாதத்துக்கருகில் அனல் வீசுவதாகச் சொல்பவர்கள் முதலில் ஃபிளாப்பர் பெட்டிகளைப் பார்க்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டு, பெட்டியின் நெம்புகோலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது தயக்கமின்றிச் சுழன்று, விட்டவுடன் ஸ்பிரிங் விசையால் மூடும் நிலைக்குத் திரும்ப வேண்டும். கடல் காற்றில் அதன் தண்டு துருவேறிப் பாதியில் நின்றுவிடுவது இங்கே மிகச் சாதாரணம். ஊடுருவும் எண்ணெய் விட்டும் இளகாவிட்டால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். பரிமாற்றியைத் தொட வேண்டாம்.

ஹீட்டரே வேண்டாம் என்று முடிவு செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பரிமாற்றியின் காற்று வெளியேறும் வாயையே அடைத்துவிடக் கூடாது. அந்த உறைக்குள் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. ஓட்டம் நின்றால் உறையும் அதை ஒட்டிய ஹோஸும் ஆயில் குழாய்களும் தேவையில்லாமல் வேகும். ஃபிளாப்பர் பெட்டிகள் மூடிய நிலையில் காற்றை அடியில் வெளியே விடும்படி அப்படியே இருக்கட்டும். அவற்றிலிருந்து வண்டியின் உடலுக்குள் போகும் குழாயை மட்டும் தகட்டால் அடைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் தீர்வு இதுதான். வேண்டும்போது பழைய நிலைக்கும் கொண்டுவரலாம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் ஒலி, சூடானதும் குறைகிறது

ஃபிளேஞ்சில் கசிவு இருக்கிறது. இரும்பு விரிவடைந்து இடைவெளியை அடைப்பதால் ஒலி குறைகிறது, கசிவு சரியாகிவிடவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டவுடன் சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பதும் இதன் உடன்பிறப்பு, ஏனெனில் அப்போது வெளிக்காற்று அதே இடைவெளியில் உள்ளே போகிறது. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் உள்ள பிந்தைய வண்டிகளில் இந்தக் காற்று சென்சாரை ஏமாற்றி, கலவையையும் கெடுத்துவிடும்.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, எரியும் ஊதுபத்தியை ஒவ்வொரு ஃபிளேஞ்சின் அருகிலும் கொண்டு செல்லுங்கள். பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று உறுதி செய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். கசியும் இடத்தில் பத்திப்புகை துடிதுடித்துச் சிதறும். காரணம் தளர்ந்த நட்டாகவோ, எரிந்த கேஸ்கெட்டாகவோ, முறிந்த ஸ்டட்டாகவோ, வளைந்த ஃபிளேஞ்சாகவோ இருக்கலாம். இவற்றில் ஃபிளேஞ்ச் வளைவுக்கு மட்டுமே பரிமாற்றியோடு தொடர்பு உண்டு. அதையும் லேத் பட்டறையில் சமதளமாக்கிவிடலாம்.

குறிப்பிட்ட வேகத்தில் தகரம் அதிரும் ஓசை

இன்ஜின் ஆறிய பிறகு உறையை முஷ்டியால் தட்டுங்கள். வெளித்தகடு விரிசல் விட்டு ஆடினால் அது வெல்டிங்கில் சரியாகும். உள்ளேயிருந்து உதிர்ந்த துருவின் சலசலப்பு கேட்டால், முதலில் சொன்ன சோப்புப் படலச் சோதனையைச் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

நெரிசலில் ஆயில் வெப்பம் ஏறுகிறது

விசிறியிலிருந்து பரிமாற்றிக்குக் காற்று போகும் ஹோஸ் கிழிந்திருந்தாலோ கழன்றிருந்தாலோ, சிலிண்டர்களுக்குப் போக வேண்டிய காற்று வீணாகிறது. நேரு வீதி நெரிசலில் நின்று நின்று போகும்போதுதான் இது தெரியவரும். பரிமாற்றியைச் சந்தேகிக்கும் முன் அந்த இரு ஹோஸ்களையும் அவற்றின் கிளாம்புகளையும் பாருங்கள்.

மழையில் முன்கண்ணாடி மூடுபனியாகிறது, ஹீட்டர் வேலை செய்யவில்லை

ஐப்பசி கார்த்திகை அடைமழையில்தான் இந்த ஊர்க்காரருக்கு ஹீட்டரின் அருமை தெரியும். சூடான உலர்ந்த காற்று கண்ணாடியில் பட்டால் ஈரம் விரைவில் விலகும். உதகை, ஏற்காடு என்று மலைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கும் இது தேவைப்படும். ஒரு பக்கம் மட்டும் காற்று குளிர்ந்து வந்தால் அந்தப் பக்கத்துக் கேபிளையும் ஹோஸையும் பாருங்கள். இரு பக்கமும் காற்று வலுவின்றி வந்து, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் வெதுவெதுப்பு இல்லை என்றால், ஃபிளாப்பர் பெட்டியின் கதவு பாதியில் நிற்கிறது என்று கொள்ளலாம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது

முதலில் உங்கள் வண்டியின் ஆண்டைப் பாருங்கள். 1974 மாடல் வரையிலான 911-களில் ஒவ்வொரு பக்கத்துப் பரிமாற்றியும் தனித்தனியாகச் சைலன்சருக்குள் நுழையும். 1975-க்குப் பின் வந்த பெரும்பாலான வண்டிகளில், 1989 வரை, இரு பக்கப் புகையும் ஒரு குறுக்குக் குழாயால் ஒன்றுசேர்ந்து ஒரே வாயில் வழியாகச் சைலன்சருக்குப் போகும். முந்தைய அமைப்பில் புகை தடையின்றி வெளியேறுவதால், 911 எஸ்சி, 3.2 காரெரா போன்ற பிந்தைய வண்டிகளுக்கும் பழைய வகைப் பரிமாற்றிகளையே பலர் பொருத்துகிறார்கள். இன்ஜின் மேல்சுற்றில் சுறுசுறுப்பாவது உண்மைதான். ஆனால் அதற்கு இருவாய்ச் சைலன்சரும், வேறு ஆயில் குழாய்களும், ஹீட்டர் இணைப்புகளும் சேர்த்து வாங்க வேண்டும். பரிமாற்றியை மட்டும் தருவித்துவிட்டு, ஆயில் குழாய் இடிக்கிறது என்று வண்டியை ஜாக்கி ஸ்டாண்டில் மாதக்கணக்கில் நிறுத்துவது நடக்கக் கூடாத ஒன்று. குழாயின் விட்டமும் கவனத்துக்குரியது. சிலிண்டர் ஹெட்டின் புகைவாயை அளந்து, அதைவிடச் சிறிய குழாய் வாயை ஒதுக்குங்கள். அதே சமயம் சிறிய 2.0 லிட்டர் இன்ஜினுக்குப் பெரிய குழாயைத் தேடிப் பொருத்தினால் குறைந்த சுற்றில் இழுவை போய்விடும்.

உலோகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகி, புகையோடு ஆவியாக வெளியேறுகிறது. முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரை வரை போய்த் திரும்பும் சிறு ஓட்டத்தில் குழாய் முழுவதும் சூடேறுவதற்குள் இன்ஜின் அணைக்கப்படுகிறது. அந்த ஆவி குளிர்ந்து, அமிலம் கலந்த நீராகக் குழாயின் தாழ்வான இடத்தில் தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து உப்புக் காற்றும் உள்ளிருந்து இந்த நீரும் அரிக்கும்போது, சாதா இரும்புப் பரிமாற்றி கடலிலிருந்து விலகிய ஒரு வறண்ட ஊரில் உழைக்கும் காலம் இங்கே உழைக்காது. எனவே புதிதாக வாங்குவதென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே என் தேர்வு. எஸ்எஸ்ஐ என்ற பிராண்டின் பரிமாற்றிகள் இந்த உலோகத்தில் வருபவை. டான்ஸ்க் நிறுவனம் சாதா இரும்பு, ஸ்டெயின்லெஸ் இரண்டிலும் செய்கிறது.

ஸ்டெயின்லெஸ் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். 409 ரகம் மலிவானது, காந்தத்தில் ஒட்டும், கடற்கரையில் மேல்பூச்சாகத் துரு பிடிக்கும்; ஆனாலும் சாதா இரும்பைவிட நெடுநாள் தாங்கும். 304 ரகத்தில் பழுப்புக் கறை படியலாம், குழாய் எளிதில் ஓட்டையாகாது. 316 ரகம் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். காந்தம் ஒட்டுவதால் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன், அது எந்த ரகம் என்று சொல்லி விற்கப்பட்டது என்பதைப் பாருங்கள். 304 ரகம் சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக விரியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: 40 சென்டிமீட்டர் குழாய் 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சாதா இரும்பு சுமார் 2.4 மில்லிமீட்டரும், 304 சுமார் 3.4 மில்லிமீட்டரும் நீளும். இந்த ஒரு மில்லிமீட்டர் ஸ்டட்டுகளின்மேல்தான் போய் விழுகிறது.

பயன்படுத்திய பரிமாற்றியை வாங்குவதானால், வெள்ளிப் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். உறையின் அடிப்பகுதியையும் வெல்டிங் ஓரங்களையும் ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். கணீரென்ற ஒலி நல்லது, மந்தமான ஒலி பெயின்ட்டுக்கு அடியில் துரு இருப்பதைச் சொல்லும். சோப்புப் படலச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பரிமாற்றியே வேண்டாம், உறையில்லாத வெறும் ஹெட்டர் குழாய்கள் போதும் என்பதும் நம் தட்பவெப்பத்தில் நியாயமான முடிவுதான். அப்போது விசிறிக் கூட்டிலிருந்து வரும் இரண்டு ஹீட்டர் வாய்களையும் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் குளிர்விக்கும் காற்று வெளியே கொட்டும். மழைக்காலக் கண்ணாடிக்கு வேறு ஏற்பாடும் தேவை. ஆனால் 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு 2021-இல் வந்த விதிகளின்படி விஏ (VA) எழுத்துகள் கொண்ட பதிவெண் வரிசையில் விண்டேஜ் பதிவு செய்ய நினைப்பவர்கள், வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மனத்தில் கொண்டு, கழற்றிய பரிமாற்றிகளை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துவதே நல்லது.

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலைப் போல வெள்ளம் வீட்டு வாசலுக்கு வந்து வண்டியின் அடிப்பகுதி நனைந்தால், உறைக்குள் சேறு புகுந்து தங்கிவிடும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் ஹோஸ்களைக் கழற்றி, நல்ல தண்ணீரால் அலசி, காற்றடித்து உலர்த்துங்கள். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர்வெல் நீரே உப்பாக இருப்பதால், அடிப்பகுதியைக் கழுவக் குடிநீரைப் பயன்படுத்துவது வீண்செலவு ஆகாது.

பொருத்தும்போது

கழற்றுவதுதான் பொருத்துவதைவிடக் கடினம். ஒவ்வொரு புகைவாயிலும் உள்ள இரண்டு நட்டுகளில் ஒன்றை ஸ்பானரால் எட்டலாம்; மற்றொன்று நீண்ட உருளை நட்டு, பரிமாற்றியில் உள்ள துளை வழியாக நீளமான ஆலன் கீயால் மட்டுமே கழலும். சில நாட்களுக்கு முன்பிருந்தே ஊடுருவும் எண்ணெய் விட்டு வாருங்கள். ஆலன் துளைக்குள் அடைந்திருக்கும் கசடை ஊசியால் சுரண்டி எடுத்து, கீ அடிவரை அமர்ந்த பிறகே விசை கொடுங்கள். பாதி அமர்ந்த கீ துளையை வட்டமாக்கிவிடும். நட்டு அசையாவிட்டால் அதை மட்டும் சூடாக்கி, சற்று இறுக்கி, பிறகு தளர்த்திப் பாருங்கள்.

ஸ்டட் முறிந்தால் கை டிரில்லோடு யாரையும் கிட்ட விடாதீர்கள். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. டிரில் முனை மென்மையான பக்கம் சரிந்து ஹெட்டைக் கெடுத்துவிடும். முறிந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துச் சுழற்றலாம். உள்ளே முறிந்திருந்தால் ஜிக் வைத்துத் துளையிடும் லேத் பட்டறைக்கு ஹெட்டோடு போவதே சரி. இன்ஜின் வேலையில் பழகிய கைகள் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தை ஒட்டிய படகுப் பட்டறைகளிலும் உண்டு. உப்பில் இறுகிய ஸ்டட்டுகளைக் கழற்றுவது அவர்களுக்கு அன்றாட வேலை.

பொருத்தும்போது புதிய கேஸ்கெட், புதிய நட்டு, திருகுகள் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை மூன்றையும் தவறாமல் பயன்படுத்துங்கள். ஒரு பக்கத்தின் ஆறு நட்டுகளையும் விரலால் ஏற்றிய பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். சைலன்சர் கிளாம்பை இறுதியில் இறுக்குங்கள். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது, எல்லா நட்டுகளையும் கையேடு சொல்லும் அளவுக்கு மறுபடி டார்க் ரென்ச்சால் பாருங்கள். அதற்குப் பிறகும் டிக் ஒலி கேட்டால் முறுக்கைக் கூட்டாதீர்கள், ஸ்டட்தான் முறியும். அந்தப் பக்கத்தைக் கழற்றி ஃபிளேஞ்சின் சமதளத்தை நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள்.